முதல் தடவை ஆஸ்கி நடத்தப் போறீங்களா? பேஷண்ட் உக்காருற ஸ்டூல்ல இருந்து ஆரம்பிங்க

பெங்களூருக்கு எஸ்ஆராவோ (சீனியர் ரெசிடெண்ட்) அசிஸ்டெண்ட் ப்ரொஃபசராவோ வந்து சேர்ந்து மூணு மாசம் கூட ஆயிருக்காது, ஹெச்ஓடி (டிபார்ட்மென்ட் தலைவர்) கூப்பிட்டு "அடுத்த மாசம் போஸ்டிங் எண்ட் ஆஸ்கி இருக்கு, நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க டாக்டர்"னு ஒரு வரி சொல்லிட்டு ரவுண்ட்ஸ் போயிடுவார். நாம படிச்சப்ப லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா, அவ்ளோதான். எக்ஸ்டர்னல் சார் காலைல நல்ல டிபன் சாப்பிட்டாரா இல்லையாங்கறதுலயே பாதி ரிசல்ட் தெரிஞ்சுடும். ஆஸ்கிங்கறது ஸ்டூடண்ட்ஸ் ஒவ்வொரு ஸ்டேஷனா சுத்தி வந்து ஒவ்வொரு வேலையா செஞ்சு காட்டுற பரீட்சை, இப்ப திடீர்னு நம்மளையே பத்து ஸ்டேஷன் போடச் சொன்னா முழிக்கத்தான் செய்வோம். மதுரைலயும் சேலத்துலயும் படிச்சுட்டு இங்க வர்ற ஜூனியர்ஸ் வருஷத்துக்கு நாலு பேராவது போன் பண்ணி இதையே கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, எழுதியே வச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல நான் சொதப்பின கதை. நான் நடத்துன முதல் ஆஸ்கில, ஆஸ்துமா பேஷண்டுக்கு இன்ஹேலர் சொல்லிக் குடுக்குற ஸ்டேஷன் ஒண்ணு. பேஷண்டா உக்காந்தது எங்க டிபார்ட்மென்ட் அட்டெண்டர் அக்கா, அல்சூர்க்காரங்க, வீட்ல தமிழ், வெளிய கன்னடம். செக்லிஸ்ட் எழுதினது நான்தான், அதுல பெருமையா "ரேப்போ (பேஷண்டோட ஒட்டுதல்) நல்லா இருந்ததா, 3 மார்க்", "கம்யூனிகேஷன் தெளிவா இருந்ததா, 3 மார்க்"னு போட்டு வச்சிருந்தேன். ஒரு பையன் வந்தான், சரளமான கன்னடம், நடு நடுல இங்கிலீஷ், சிரிச்ச முகம், "ஒர்ரி மாட்பேடி அம்மா", கவலைப்படாதீங்கம்மான்னு ஆரம்பிச்சு மூணு நிமிஷம் அருவி மாதிரி கொட்டிட்டுப் போனான், பத்துக்கு ஒம்பது போட்டேன். அடுத்து தருமபுரிப் பையன் ஒருத்தன், கன்னடம் தட்டுத் தடுமாறுது, வேர்த்து ஊத்துது, ஒரு வாக்கியம் முழுசா முடியல. இன்ஹேலரைத் தன் வாய்க்கிட்ட வச்சுக் காமிச்சுட்டு அக்கா கையில குடுத்து "நீவு மாடி தோர்சி"ன்னான், நீங்க செஞ்சு காட்டுங்கன்னு. அவனுக்கு அஞ்சு.

சாயங்காலம் எல்லாம் முடிஞ்சு கேன்டீன்ல பை டூ காபி குடிச்சுட்டு இருக்கறப்ப அக்கா பேச்சுவாக்குல சொன்னாங்க: "அந்த சிரிச்ச மூஞ்சித் தம்பி நல்லாத்தான் பேசுச்சு டாக்டர், ஆனா பம்பை எப்போ அமுக்கறது, மூச்சை எப்போ இழுக்கறதுன்னு எனக்கு இன்னும் புரியல. தடுமாறிச்சே ஒரு தம்பி, அது காமிச்சதுதான் கையில நிக்குது."

காபி இறங்கல. மார்க் ஷீட்ல கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. நான் மார்க் போட்டது பையன் பேசினதுக்கு, பேஷண்டுக்கு என்ன போய்ச் சேர்ந்துச்சுன்னு பாக்கவே இல்ல. அதுக்கப்பறம் ஸ்டேஷன் எழுத உக்காந்தா மனசுக்குள்ள மொதல்ல அந்த அக்கா ஸ்டூல்ல போய் உக்காந்துப்பேன். சரி, வேலைக்கு வருவோம்.

1. எதை ஆஸ்கில வைக்கறது

ஆஸ்கின்னா என்னன்னு ஒரு வரி. ஸ்காட்லாந்துல டன்டீல இருந்த ரொனால்ட் ஹார்டனும் அவர் கூட வேலை பாத்தவங்களும் 1975ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினது. ஒரே ஒரு பேஷண்ட், ஒரே ஒரு எக்ஸாமினர்னு அதிர்ஷ்டத்துல விடாம, எல்லா ஸ்டூடண்டும் அதே பல ஸ்டேஷன்களை, அதே நேரத்துக்கு, அதே மார்க் ஷீட்டோட சுத்தி வரட்டும்ங்கறதுதான் ஐடியா. லாங் கேஸ்ல உங்களுக்கு ஹெர்னியா விழும், பக்கத்துல இருக்கறவனுக்கு என்னன்னே கண்டுபிடிக்க முடியாத ஒரு கட்டி விழும், ரெண்டு பேருக்கும் ஒரே தராசு. அதுக்குத்தான் இந்த மாற்று.

ஜார்ஜ் மில்லர் 1990ல ஒரு பிரமிடு வரைஞ்சார், எம்இயு (மெடிக்கல் எஜுகேஷன் யூனிட்) வொர்க்‌ஷாப்ல தூங்காம இருந்திருந்தா பாத்திருப்பீங்க. அடில "தெரியும்", அதுக்கு மேல "எப்படிச் செய்றதுன்னு தெரியும்", அதுக்கு மேல "செஞ்சு காட்டுவான்", உச்சில "தினமும் வார்டுல செய்றான்". ஆஸ்கி மூணாவது படிக்கு. 2019ல இருந்து வந்த சிபிஎம்இங்கற, திறமையை அடிப்படையா வச்ச எம்பிபிஎஸ் கரிக்குலத்துல ஒவ்வொரு காம்பிடென்சிக்கும் பக்கத்துல கே (நோஸ்), கேஎச் (நோஸ் ஹவ்), எஸ்எச் (ஷோஸ் ஹவ்), பி (பெர்ஃபார்ம்ஸ்)னு போட்டிருப்பாங்களே, அதுவும் இந்த சங்கதிதான். உங்க போஸ்டிங்குக்கான பட்டியலை எடுத்து எஸ்எச் போட்டதை மட்டும் டிக் பண்ணுங்க. "ஆஸ்துமாவுக்கு என்னென்ன மருந்து"ன்னு கேக்கறதுக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு எக்ஸாமினர், ஒரு ரூம் எதுக்கு, அதைத் தியரி பேப்பர்ல கேட்டுக்கலாம்.

டிக் பண்ணதை ஒரு கட்டம் போட்டு வைங்க: இந்தப் பக்கம் சிஸ்டம், அந்தப் பக்கம் ஹிஸ்டரி, எக்ஸாமினேஷன், ப்ரொசீஜர், பேசுறது. இதைத்தான் ப்ளூபிரிண்ட்னு பெரிய பேரு வச்சிருக்காங்க. இது இல்லாம ஆளாளுக்கு ஒரு ஸ்டேஷன் எழுதிட்டு வந்தா எட்டுல அஞ்சு கார்டியாக் எக்ஸாமினேஷனா இருக்கும், பேசுற ஸ்டேஷன் ஒண்ணு கூட இருக்காது. எனக்கு நடந்திருக்கு.

2. கணக்கு

இது ஜூனியர்ஸ் எல்லாரும் கோட்டை விடுற இடம். முப்பது பேர் பேட்ச்னு வைங்க. ஒரு ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம், மாறுறதுக்கும் அடுத்த கார்டைப் படிக்கறதுக்கும் 1 நிமிஷம். பத்து ஸ்டேஷன் போட்டா ஒரு ரவுண்டு 60 நிமிஷம், ஒரு ரவுண்டுல பத்து பேர், அப்ப மூணு ரவுண்டு, மூணு மணி நேரம். நடுல ரெண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம் டீ. 9 மணிக்கு ஆரம்பிச்சா 12.20. பத்துல ரெண்டு ரெஸ்ட் ஸ்டேஷன், மூணு ஆள் இல்லாத ஸ்டேஷன் (எக்ஸ்ரே, ஈசிஜி, ப்ரிஸ்க்ரிப்ஷன் எழுதுறது), ஆக எக்ஸாமினர் தேவை அஞ்சு பேர்தான். அஞ்சு ஃபேகல்ட்டியை ஒரு காலை நேரம் பிடிச்சு வைக்கறதே பெரும்பாடு, ஓபி நாள் பாத்துப் போடுங்க.

நேரம் மிச்சம் பண்றேன்னு ஸ்டேஷனை நாலாக் குறைச்சுடாதீங்க. ஒரு கேஸ்ல பிரமாதமா பண்றவன் அடுத்த கேஸ்ல கோட்டை விடுவான், அது மனுஷ சுபாவம், அதனால நாலஞ்சு ஸ்டேஷனை வச்சு ஒருத்தனை எடை போட முடியாது. அதே மாதிரி பேசுற ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம் பத்தலைன்னா எல்லாத்தையும் இழுக்க வேண்டாம், அதை மட்டும் ரெண்டு ஸ்டேஷன் நேரத்துக்கு வச்சு அதே பேஷண்ட் வேஷத்தை ரெண்டு ரூம்ல இணையா போட்டுக்கலாம், ரெண்டு ஆள் வேணும் அவ்ளோதான்.

3. செக்லிஸ்ட் எழுதறது

இங்கதான் உண்மையான வேலை. "ரேப்போ", "எம்பதி", "தெளிவு" இந்த மாதிரி வார்த்தையை செக்லிஸ்ட்ல வச்சா எக்ஸாமினர் தனக்குப் பிடிச்ச மூஞ்சிக்கு மார்க் போடுவார், நான் போட்ட மாதிரி. ஒவ்வொரு வரியும் கண்ணுல பாக்கக் கூடியதா, காதுல கேக்கக் கூடியதா இருக்கணும். அந்த இன்ஹேலர் ஸ்டேஷனை அப்பறம் நான் திருத்தி எழுதினது இது, 20 மார்க்:

பேரைச் சொல்லி அறிமுகம், பம்ப் பத்தி ஏற்கனவே என்ன தெரியும்னு பேஷண்டைக் கேட்டது: 2

மூடியைக் கழட்டிக் குலுக்கறது, மூச்சை முழுசா வெளிய விடறது, உதட்டால இறுக்கிக் கவ்வறது, மெதுவா இழுக்க ஆரம்பிக்கறப்பவே அமுக்கறது, பத்து எண்ணுற வரைக்கும் மூச்சைப் பிடிக்கறது, ரெண்டாவது தடவைக்கு அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் விடறது, ஸ்டீராய்டு இருக்கறதால வாய் கொப்பளிச்சுத் துப்பறது, இதெல்லாம் சொல்லியோ செஞ்சோ காமிச்சது: ஒவ்வொண்ணுக்கும் 1, மொத்தம் 7

பேஷண்டையே செஞ்சு காட்டச் சொன்னது: 3

பேஷண்ட் பண்ற தப்பைப் பாத்துத் திருத்தி, மறுபடியும் செய்ய வச்சது: 3

"உங்களுக்கு இதுல ஏதாவது பயம், சந்தேகம் இருக்கா"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக் காத்திருந்தது: 2

வந்த பயத்துக்கு நேரடியா பதில் சொன்னது: 3

மார்க்கை எங்க வச்சிருக்கேன்னு பாருங்க. அருவி மாதிரி கொட்டிட்டுப் போறவன் என்னதான் கொட்டினாலும் 9க்கு மேல போக முடியாது. மிச்சம் 11ம் பேஷண்ட் கையிலயும் வாயிலயும்தான் இருக்கு.

"பேஷண்ட் பண்ற தப்பு"ன்னு ஒண்ணு இருக்குல்ல, அது ஸ்க்ரிப்ட்ல எழுதி வச்ச தப்பு. அக்கா முதல்ல பம்பை அமுக்கிட்டு அப்பறமாத்தான் மூச்சை இழுப்பாங்க, மருந்து பூரா நாக்குலயே தங்கிடும். நிஜ பேஷண்டுகள்ல பாதிப் பேர் பண்றது இதான்னு எந்த செஸ்ட் ஓபில உக்காந்தவருக்கும் தெரியும். முப்பது ஸ்டூடண்டுக்கும் அதே தப்பு, அதே மாதிரி.

ஒரு எச்சரிக்கை. செக்லிஸ்டை இருபது முப்பது குட்டி வரியா உடைச்சா நியாயமா இருக்கும்னு தோணும். ஆனா அனுபவசாலி டாக்டர் நாலு கேள்வில விஷயத்தைப் பிடிச்சுடுவார், எல்லாத்தையும் மனப்பாடமா கேக்குற ஸ்டூடண்ட்தான் டிக் அள்ளுவான். 1999லயே இதை ஆராய்ச்சி பண்ணிக் காமிச்சிருக்காங்க, செக்லிஸ்ட்ல சீனியர் டாக்டர்களுக்கு ஜூனியர்களை விட மார்க் கம்மியா வந்துச்சு. அதனால ஷீட்டோட அடில தனியா ஒரு வரி வைங்க: மொத்தமா பாத்தா இவன் எப்படி, ஃபெயில், பார்டர்லைன், பாஸ், நல்ல பாஸ். குளோபல் ரேட்டிங். இது கூட்டல்ல சேராது, ஆனா அப்பறம் உதவும், கடைசில சொல்றேன்.

ப்ரொசீஜர் ஸ்டேஷனுக்கு இவ்ளோ யோசிக்க வேண்டியதில்ல. பிபி பாக்கறதுன்னா கஃப் சைஸ், கை இதய மட்டத்துல, மொதல்ல பல்ஸ் தொட்டுப் பாத்து, அது மறைஞ்ச இடத்துக்கு மேல 30 மில்லிமீட்டர் ஏத்தி, நொடிக்கு 2 மில்லிமீட்டரா இறக்கறது. எழுதிட்டுப் போங்க.

4. பேஷண்டா நடிக்க ஆள் பிடிக்கறது

1963ல ஹோவர்ட் பேரோஸ்ங்கற நியூராலஜிஸ்ட் கலிஃபோர்னியால நல்லா இருக்கற ஒருத்தரை பேஷண்டா நடிக்கப் பழக்கி ஸ்டூடண்ட்ஸை சோதிச்சுப் பாத்தார், அங்க இருந்து வந்ததுதான் இந்த சிமுலேட்டட் பேஷண்ட், சுருக்கமா எஸ்பி. வெளிநாட்டுல இதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க. நமக்கு அட்டெண்டர் அக்கா, செக்யூரிட்டி அண்ணா, ஆபீஸ் கிளார்க், நர்சிங் ட்யூட்டர். ஹவுஸ் சர்ஜனைப் போடாதீங்க, ஸ்டூடண்டுக்கு சீனியர், ஹாஸ்டல் ஃப்ரெண்டு, கண்ணாலயே பதில் சொல்லிடுவான்.

ஸ்க்ரிப்ட் ஒரு பக்கம் போதும். அதுல நாலு விஷயம் கண்டிப்பா இருக்கணும். முதல் வாக்கியம் அச்சு அசலா, எல்லாருக்கும் அதே வாக்கியம். கேக்காமலே சொல்லலாம்னு இருக்கறது. கேட்டா மட்டும் சொல்றது. கடைசியா உள்ள ஒளிச்சு வச்ச பயம். எங்க அக்காவுக்குக் குடுத்த பயம் அவங்களே சொன்னது: "பம்ப் போட ஆரம்பிச்சா பழகிடும், அப்பறம் விடவே முடியாதுன்னு எதிர் வீட்ல சொன்னாங்க." இதை நான் ரூம்ல உக்காந்து யோசிச்சிருந்தா வந்திருக்காது.

ஹிஸ்டரி எடுக்குற ஸ்டேஷனுக்கு ஒரு சின்ன வித்தை. பேஷண்ட் முதல் வாக்கியம் சொல்லிட்டு நிறுத்துவார். ஸ்டூடண்ட் மூணு நொடி சும்மா இருந்தா ரெண்டாவது வாக்கியம் வரும், அதுலதான் அவர் வந்த நிஜ காரணம் இருக்கும். உடனே "எத்தன நாளா, சளி இருக்கா, காய்ச்சல் இருக்கா"ன்னு பாய்ஞ்சா அந்த வாக்கியம் வரவே வராது. 1984ல அமெரிக்கால ஒரு ஆய்வு, பேஷண்ட் பேச ஆரம்பிச்சு சராசரியா 18 நொடில டாக்டர் குறுக்க விழுந்துடறார்னு. நம்ம ஓபில 18 நொடி கிடைச்சா பேஷண்ட் கோயிலுக்கு மாலை போடுவார்.

ஒத்திகை கண்டிப்பா ரெண்டு தடவை. ஒரு தடவை நீங்க நல்ல ஸ்டூடண்டா, இன்னொரு தடவை மட்டமான ஸ்டூடண்டா நடிங்க. மட்டமானவனைப் பாத்து பாவப்பட்டு எஸ்பி க்ளூ குடுக்கறாங்களான்னு கவனிங்க, நம்ம அக்காங்க எல்லாம் கண்டிப்பா குடுப்பாங்க, "தம்பி, வேற எதுவும் கேக்கலையா?"ன்னு. அதைப் பாசமா சொல்லி நிறுத்தணும். முப்பது தடவை அதே கதையைச் சொன்னா பதினஞ்சாவதுல தொண்டை போயிடும், இருபதாவதுல சலிப்பு வந்து எல்லாத்தையும் முன்கூட்டியே ஒப்பிச்சுடுவாங்க. ஒரு ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரைப் பழக்கி ரவுண்டுக்கு ஒருத்தரா மாத்துங்க. டிபன், டீ, கைல ஒரு தொகை, எல்லாம் அன்னிக்கே. "அப்பறம் பாத்துக்கலாம்"னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை ஆளே கிடைக்காது.

இன்ஹேலரை வாயில வைக்கறது எஸ்பி மட்டும், அவங்களுக்குத் தனியா ஒண்ணு. ஸ்டூடண்ட் வேற ஒண்ணை வாய்க்கு முன்னால பிடிச்சுக் காமிச்சா போதும். ரெண்டும் மருந்து இல்லாத டெமோ பீஸா இருக்கணும்.

5. எந்த மொழி

தமிழ்நாட்டுல நடத்தியிருந்தா இந்தப் பகுதியே வந்திருக்காது. இங்க சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி வாசல்ல அரை மணி நேரம் நின்னீங்கன்னா தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு நாலும் காதுல விழும், மார்க்கெட் பக்கம் விக்டோரியா ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான். ஸ்டூடண்ட்ஸும் அதே மாதிரி, கேரளா, ஆந்திரா, டெல்லி, நம்ம கிருஷ்ணகிரி, ஓசூர். எம்பிபிஎஸ் சேர்ந்ததும் நடக்கற ஃபவுண்டேஷன் கோர்ஸ்ல லோக்கல் மொழி கத்துக் குடுக்கணும்னு இருக்கு, கத்துக் குடுக்கறாங்க, ஆனா அந்தக் கொஞ்ச நாள்ல "ஊட்டா ஆய்தா", அதாவது சாப்டாச்சாங்கறதுக்கு மேல எவ்ளோ வரும்?

தமிழ்ப் பசங்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. கன்னடம் பாதி புரியுது, அதனால முழுசும் புரிஞ்ச மாதிரியே தோணும். "தலெ சுத்து"ன்னா தலை சுத்தல், சரி. "ஹொட்டே நோவு" வயித்து வலி, நோவுன்னு நம்ம பாட்டியும் சொல்லுவாங்க, சரி. ஆனா "சுஸ்து"ன்னு பேஷண்ட் சொன்னா? அசதி. அதை விட்டுட்டு மேல போனா அனீமியா கேஸே கைய விட்டுப் போச்சு. "எதெ உரி"ன்னா நெஞ்செரிச்சல், "எதெ நோவு"ன்னா நெஞ்சு வலி, எதெங்கற வார்த்தையை மட்டும் பிடிச்சுட்டு ஈசிஜி எடுக்க ஓடினவனையும் பாத்திருக்கேன், ஆன்டாசிட் குடுத்து அனுப்பப் பாத்தவனையும் பாத்திருக்கேன். ரெண்டாவதுதான் பயங்கரம்.

அதனால ரெண்டு முடிவு எடுங்க. ஒண்ணு, ஸ்டேஷன் வாசல்ல ஒட்டுற கார்டுல பேஷண்ட் எந்த மொழி பேசுவார்னு எழுதிடுங்க, அது எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும், தமிழ்ப் பையன் வந்தா அக்கா தமிழுக்குத் தாவக் கூடாது. ரெண்டு, சரளத்துக்கு மார்க் கிடையாதுன்னு ஷீட்லயே போடுங்க. இலக்கணம் தப்பாப் பேசிக் கையால காமிச்சு, "அர்த்த ஆய்தா", புரிஞ்சுதான்னு கேட்டு, மறுபடி சொல்லச் சொல்லி உறுதி பண்ணிக்கிட்டவன் வேலையை முடிச்சுட்டான். அதே சமயம் மொழி தெரியாததை சலுகையாவும் ஆக்காதீங்க. புரியலைன்னா "இன்னொந்து சல ஹேளி", இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேக்கணும், கேக்காம தலையாட்டினா மார்க் போச்சு.

நான் சேர்த்த ஸ்டேஷன்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது துபாஷி ஸ்டேஷன். பேஷண்டுக்கு உருது மட்டும், கூட வந்த "அண்ணன்" மொழிபெயர்க்கறார், ஆனா அண்ணன் முந்திரிக்கொட்டை, தங்கச்சியைக் கேட்ட கேள்விக்கு இவரே பதில் சொல்லுவார். ஸ்டூடண்ட் பேஷண்ட் முகத்தைப் பாத்துப் பேசறானா, சின்னச் சின்ன வாக்கியமா விடறானா, "அவங்க கிட்டயே கேட்டுச் சொல்லுங்க அண்ணா"ன்னு மரியாதையா திருப்பறானா, மாதவிடாய் பத்திக் கேக்கறப்ப அண்ணனை வெளிய அனுப்பிட்டு நர்ஸைக் கூப்பிடறானா. இங்க ஓபில தினம் நடக்கறது, எந்த டெக்ஸ்ட்புக்லயும் பக்கம் பக்கமா இல்ல.

கெட்ட செய்தி சொல்ற ஸ்டேஷன் வைக்கலாமான்னு கேப்பீங்க. 2000ல வந்த ஸ்பைக்ஸ்ங்கற ஆறு படி முறை இருக்கு, ஃபைனல் இயர்க்கும் இண்டர்ன்ஸுக்கும் நல்லா வேலை செய்யும். செகண்ட் இயர் பசங்களுக்கு வேணாம். வச்சீங்கன்னா எஸ்பி நிஜ வாழ்க்கைல சமீபத்துல யாரையாவது இழந்திருக்காங்களான்னு முன்னாடியே தனியா விசாரிச்சுடுங்க, முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் வேற ஏதாவது பேசி அந்த வேஷத்துல இருந்து இறக்கி விடுங்க.

6. எக்ஸாமினர்களை வழிக்குக் கொண்டு வர்றது

ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒரு கறார் சார், ஒரு தங்கமான மேடம் இருப்பாங்க. மாத்த முடியாது. ஆனா முந்தின நாள் இருபது நிமிஷம் எல்லாரையும் உக்கார வச்சு, ஒரு இண்டர்ன் அந்த ஸ்டேஷனைச் செய்ற போன் வீடியோவைப் போட்டு எல்லாரையும் தனித்தனியா மார்க் போடச் சொல்லுங்க. ஒருத்தர் 9, ஒருத்தர் 16 போட்டிருப்பாங்க. எந்த வரில பிரியுதுன்னு பேசுங்க. "மெதுவா இழுக்கறது"ன்னா எவ்ளோ மெதுவாங்கறதெல்லாம் அப்பத்தான் தெளிவாகும். எந்த வரிக்கு சண்டை வருதோ அது நீங்க தப்பா எழுதின வரி.

நாற்காலியை எங்க போடறீங்கங்கறதும் முக்கியம். எக்ஸாமினர் பேஷண்டுக்குப் பின்னால கொஞ்சம் பக்கவாட்டுல உக்காந்தா பேஷண்ட் கை, ஸ்டூடண்ட் முகம் ரெண்டும் தெரியும், ஸ்டூடண்ட் இவரைப் பாத்துப் பேச மாட்டான். டேபிளுக்கு எதிர்ல உக்காந்தா அது வைவாவா மாறிடும். பாடம் எடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, "ம்ம்?"னு இழுக்கக் கூடாது, போன் வெளிய. ஆசிரியர் தொழில்ல ஊறினவங்களுக்கு தப்பைப் பாத்துட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கறதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலை, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

7. அன்னிக்குக் காலைல

ஏழரைக்கு வந்துடுங்க, ஹெப்பால் பக்கமோ சில்க் போர்டு பக்கமோ இருந்து வர்ற எக்ஸாமினர் கண்டிப்பா லேட், அதனால ஒரு ஸ்பேர் ஆள். போன் டைமரை நம்பாதீங்க. எனக்கு நாலாவது ஸ்டேஷன்ல கால் வந்து டைமர் சத்தமே கேக்கல, ரெண்டு நிமிஷம் எக்ஸ்ட்ரா ஓடிப் போச்சு. அப்பறம் சிக்பேட்ல ஒரு கை மணி வாங்கினேன், இன்னிக்கும் அதுதான். பேட்டரி, பேனா, செக்லிஸ்ட் பத்து காப்பி அதிகமா, தண்ணி. ஒவ்வொரு ரூம் கதவுலயும் அம்புக்குறி.

8. முடிஞ்ச அன்னிக்கே

எஸ்பி கைல ஒரு சின்ன ஷீட் குடுத்திருப்பீங்க இல்ல, குடுத்திருக்கணும். ஒவ்வொரு ஸ்டூடண்ட் போனதும் அவங்க போடறது ஒரே ஒரு டிக்: "இவர் சொன்னதை வச்சு நாளைக்கு வீட்ல நான் தனியா செஞ்சுக்குவேனா?" ஆமா, இல்ல, சந்தேகம். எழுதப் படிக்க சிரமம்னா சிரிச்ச முகம், அழுத முகம் படம் போட்டுக் குடுங்க. இதை மொத்த மார்க்ல சேர்க்கறதா இல்லையாங்கறது உங்க ஹெச்ஓடி இஷ்டம், நான் சேர்க்கறதில்ல, ஆனா எக்ஸாமினர் 17 போட்டு அக்கா அழுத முகம் போட்டிருந்தா அந்த ஷீட்டை அன்னிக்கே எடுத்துப் பாப்பேன்.

இப்ப அந்த குளோபல் ரேட்டிங். பார்டர்லைன்னு போட்ட பசங்களோட செக்லிஸ்ட் மார்க்கை மட்டும் எடுங்க. உதாரணத்துக்கு ஆறு பேர், 9, 10, 10, 11, 11, 12. சராசரி 10.5. அந்த ஸ்டேஷனுக்கு நியாயமான பாஸ் மார்க் அதுதான். இன்னொரு ஸ்டேஷன்ல அதே கணக்கு 14 வந்தா அது சுலபமான ஸ்டேஷன், 7 வந்தா கொடூரமான ஸ்டேஷன், இல்ல உங்க செக்லிஸ்ட் தப்பு. யூனிவர்சிட்டி பாஸ் விதியை நாம தொட முடியாது, அது வேற. ஆனா இண்டர்னல்ல அடுத்த தடவை எந்த ஸ்டேஷனைத் திருத்தணும்னு இந்த ஒரு கூட்டல் வகுத்தல் சொல்லிடும்.

ஸ்டூடண்டுக்கு ஃபீட்பேக் அன்னிக்கே, ஒரு ஆளுக்கு ஒரே ஒரு விஷயம். "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணு"ன்னு சொல்றது ஃபீட்பேக் இல்ல, ஜோசியம். "அக்கா அமுக்கின அப்பறம் இழுத்தாங்க, நீ அப்ப ஷீட்டைப் பாத்துட்டு இருந்த, அவங்க கையைப் பாக்கல." அவ்ளோ போதும், பையன் மறக்க மாட்டான்.

ஆஸ்கில செஞ்சு காட்டறவன் வார்டுல செய்றானாங்கறது பிரமிடோட உச்சி, அதுக்கு மினி சிஇஎக்ஸ் (மினி கிளினிக்கல் எவாலுவேஷன் எக்ஸர்சைஸ்)னு ஒண்ணு இருக்கு. அமெரிக்கால நார்சினி 1995ல கொண்டு வந்தது. நிஜ பேஷண்ட், நிஜ வார்டு, பக்கத்துல நின்னு பதினஞ்சு இருபது நிமிஷம் பாத்துட்டு அங்கயே ரெண்டு வார்த்தை பேசறது. ரூம் வேணாம், மணி வேணாம். ரவுண்ட்ஸ்ல ஒரு நாளைக்கு ஒருத்தன்னு வச்சாலே போஸ்டிங் முடியறதுக்குள்ள ஒரு சுத்து வந்துடும். மொதல் ஆஸ்கி முடிஞ்சு மூச்சு வாங்கிட்டு இதை ஆரம்பிங்க, ரெண்டையும் ஒண்ணா தூக்காதீங்க.

ஒண்ணு விட்டுப் போச்சு. மொத ரவுண்டு முடிச்ச பத்து பேரையும் மத்தவங்களோட கலக்க விடாதீங்க, போனை வாங்கி வச்சு ஒரு டெமோ ரூம்ல உக்கார வைங்க, இட்லி குடுத்துடுங்க, கோபப்பட மாட்டாங்க. என்ன பண்ணாலும் சாயங்காலத்துக்குள்ள "இன்ஹேலர் ஸ்டேஷன், பம்ப் பழகிடும்னு பயம்"னு வாட்ஸப்ல அடுத்த பேட்சுக்குப் போயிடும். போகட்டும். அடுத்த பேட்சுக்கு அதே செக்லிஸ்ட், அதே அக்கா, ஒளிச்சு வச்ச பயம் மட்டும் வேற: பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால பம்ப் எடுக்க வெக்கமா இருக்குன்னு சொல்லுவாங்க, இதுவும் அவங்க எடுத்துக் குடுத்ததுதான். இன்ஹேலரை மட்டும் எண்ணி வாங்கி பீரோல பூட்டுங்க, போன தடவை ரெண்டு காணோம்.